மங்கொளியும் மங்கல இசையும்

பொழுதுபோக்குகள் பலவாம். அஞ்சல் தலை சேர்ப்பாரும், பழங்காசு தேடுவாரும், பூந்தோட்டம் வளர்ப்பாரும் நம் கல்லூரியிலேயே உளர். யாம் மேற்கொண்டதோ நிழற்படக் கலை. அதனுள்ளும் வெளிச்சம் குறைந்த இடங்களில், இசை நிகழ்ச்சி நடைபெறும்போதே படம் எடுத்தல். “பட்டப்பகலில் எடுப்பதற்கு உலகெலாம் கிடக்க, இருட்டில் போய் எதைத் தேடுகின்றீர்?” என்று நண்பர் பலர் எம்மை வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் விருத்தாசலம். முன்னோர் இதனைத் திருமுதுகுன்றம் என்றனர்; இக்காலத்தார் பீங்கான் நகர் என்பர். இங்குள்ள சூளைகளில் கொலுப் பொம்மைகளும், மின்கம்பிகளுக்கு வேண்டிய பீங்கான் காப்பான்களும் வெந்து வெளிவருகின்றன. சூளையைக் காப்போர் அதன் சிறு துளை வழியே உள்ளே நோக்கி, நெருப்பின் நிறங்கொண்டே வெம்மையை ஒருவாறு மதிப்பர். மங்கிய சிவப்பாயின் ஏறத்தாழ 700 பாகை. செம்மஞ்சளாயின் 1,000 பாகை அளவு. வெளிறிய மஞ்சளாயின் 1,200 பாகையை அணுகிற்று என்பது கணக்கு. காமிராவைக் கையில் எடுக்கும் முன்னரே, ஒளியை உற்றுநோக்கிப் பொருள் அறியலாம் என்பதை யாம் இச்சூளைகளின் வாயிலிலே கற்றோம்.

நிற்க. ஒளி குறைந்தவிடத்துப் படம் எடுப்போனுக்கு உள்ள வழிகள் மூன்றே. முதலாவது, வில்லையின் துவாரத்தை அகலத் திறத்தல். துவார எண்ணை 3.5-லிருந்து 1.8-க்குக் கொணரின் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி உட்புகும். ஆயின், கலைஞரின் கண் தெளிவாக விழுமிடத்து அவர் கையிலுள்ள கருவியின் நுனி மங்கிப்போம். இரண்டாவது, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தல். ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால், தவில்காரரின் கை பனிமூட்டமாகிவிடும். மூன்றாவது, காமிராவின் உணர்திறனை உயர்த்துதல். அவ்வாறு செய்யின், உள்ளே வந்த ஒளி சிறிதேயாகையால், படத்தின்மேல் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும்.

இவற்றோடு புதிதாய் ஓர் இடரும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. ஆகவே அதில் எரியும் குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகளும் பல, நம் கண்ணுக்குப் புலனாகாமல் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டரின் வேகம் மிகின் படத்தில் கரும்பட்டைகள் விழும். வினாடியில் நூற்றில் ஒரு பங்கோ ஐம்பதில் ஒரு பங்கோ வைத்துக்கொள்வார்க்கு இத்தொல்லை குறைவு.

பழங்காலத்தில் இம்முயற்சி பெரும்பாலும் இயலாததாகவே இருந்தது. 1858-ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் தூண்களையும் கோபுரங்களையும் அழகுறப் பதிவு செய்தார். ஆயின், நெடுநேரம் அசையாது நிற்பனவே அக்காலத்துத் தகட்டிலும் தாளிலும் செவ்வனே பதிந்தன. பாடுவோரும் ஆடுவோரும் நிற்பரோ? 1924-இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்னும் காமிரா வெளிவந்தபின்னரே, விளக்கொளியிலும் மாந்தர் இயல்பைப் பதிக்கும் வழி பிறந்தது. அதனைக் கொண்டு எரிக் சாலமன் 1928 முதல் நீதிமன்றங்களிலும் மாநாடுகளிலும் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. நம் நாட்டில் டில்லியின் அவினாஷ் பஸ்ரிச்சா, இசைவாணரையும் நடனமணிகளையும் மேடையிலேயே பல பத்தாண்டுகள் படம் பிடித்துப் பெயர் பெற்றார்.

இனி எம் அனுபவத்திற்கு வருவாம். சபை மேடைகளில் பாடுவோர்க்கு விளக்குக்குக் குறைவில்லை. அவர்களைப் படம் எடுப்போர்க்கும் குறைவில்லை. எம்மூரில் மாசிமகப் பெருவிழாவின்போது பழமலைநாதர் வீதியுலா வருகையில் நிலைமை வேறு. வண்ண விளக்குகள் அனைத்தும் சுவாமியின் அலங்காரத்தின்மேல் விழும். முன்னே நின்று மணிக்கணக்காய் வாசிக்கும் நாகசுரக்காரரின் முகமோ பாதி இருளில் இருக்கும். கூட்டத்தார் கைப்பேசிகளெல்லாம் அவர் தலைக்கு மேலாகவே உயர்ந்து நிற்கும்.

ஓராண்டு, அவ்வாறு வாசித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை யாம் தெருவோர விளக்கொளியில் எடுத்தோம். மறு ஆண்டு அவர் மகனார் மட்டுமே வந்திருந்தார். தந்தையார் காலமாகிவிட்டார் என்றார். படத்தை அச்சிட்டுக் கொடுத்தோம். அவர் முகத்தை முதலில் நோக்கவில்லை. விரல்களையே நெடுநேரம் நோக்கினார். பின்பு, “இது தோடி, ஐயா. காந்தாரத்தில் அப்பா நிற்கிற இடம். அதற்குமேல் போக மனம் வராது அவருக்கு” என்றார். சிறிது நேரங் கழித்து, “வீட்டில் அப்பா வாசிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம்” என்றார்.

அன்றுதான் நண்பர்களின் வினாவுக்கு எமக்கு விடை கிடைத்தது. சுந்தரர் எம்மூர் மணிமுத்தாற்றில் பன்னீராயிரம் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். இருளில் ஒரு கணம் இட்டதை மற்றொரு நாள் மற்றொருவர் கையில் எடுத்துத் தரும் கலை இஃது. எடுத்தவனுக்கு அது வெறும் படம். உரியவர்க்கோ அது பொன்.

இக்கலையில் இறங்க விரும்பும் மாணாக்கர்க்குச் சில சொல்வோம். மின்வெட்டு விளக்கை ஒருபோதும் பயன்படுத்தற்க. ஆலாபனையில் ஆழ்ந்திருப்பார் கண்ணில் அது கல்லெறிந்தாற்போலும். ஷட்டரின் ஒலியை அடக்குக. பின்னிருப்போர் பார்வையை மறையற்க. எடுக்குமுன் இசைவு பெறுக. எடுத்தபின் ஒரு படி கொடுக்க மறவற்க. அனைத்தினும் முதலாவது கேட்டல். நாகசுரக்காரர் எங்கே மூச்சு வாங்குவார், தவில்காரர் தீர்மானம் முடித்து எப்போது தலை நிமிர்வார் என்பதைச் செவியே முன்னறிந்து விரலுக்குச் சொல்லும். இசை கேளாதான் எடுக்கும் படத்தில் கருவி இருக்கும்; வாசிப்பு இராது.

விளக்கை மரக்காலால் மூடலாகாது என்னும் போதனையைக் கேட்டு வளர்வோர் நாம். விளக்கே எட்டாத இடத்தில் நின்று ஊருக்கு மங்கலம் ஒலிப்போர் பலர் உளர். ஒத்து ஊதுவோர், தாளம் இடுவோர், மேடையின் பின்னே தம்பூரா மீட்டுவோர் ஆகிய இவர்தம் வீட்டுச் சுவரில் அடையாள அட்டைப் படமன்றி வேறொன்று தொங்குமாறு செய்தல் நம் மாணாக்கரால் இயலும். அடுத்த திருவிழாவுக்குக் காமிராவோடு செல்வோர், வெளிச்சம் விழும் திசையை ஒருமுறை நோக்கிவிட்டு, அது விழாத திசைக்குத் திரும்பி நிற்பாராக.