அம்மாவின் தாடையில் குடியிருக்கும் உனக்கு

அன்புள்ள டைட்டானியமே,

பவானியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் கீழ்த்தாடையில், கோரைப்பற்கள் இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகாணிகளாய் நீ இருக்கிறாய். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் பருமன், 12 மில்லிமீட்டர் நீளம். உனக்கு நான் பட்டிருக்கும் கடன் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

டைட்டானியமே, நீ வருவதற்கு முந்தைய ஆண்டுகளை உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவள். தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தால் வெற்றிலையும் புகையிலையும்தான் துணை. ஐம்பது வயதுக்குள் பற்கள் ஒவ்வொன்றாய் ஆடி விழுந்தன. பல் செட்டு கட்டினோம். மேல் செட்டு அண்ணத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. கீழ் செட்டுக்கு அப்படிப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. நாக்கு அசைந்தால் அதுவும் கிளம்பி வந்தது. பல் போன பின் தாடை எலும்புக்கு வேலையில்லை, வேலையில்லாத எலும்பு ஆண்டுக்காண்டு கரையும் என்று டாக்டர் விளக்கினார். செட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மா ஈறாலேயே மென்றாள். முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்றாள். கல்யாண வீடுகளில் யாராவது பந்திக்குக் கூப்பிட்டால், “வீட்லயே சாப்பிட்டுட்டு வந்துட்டனுங்க” என்பாள். வீட்டில் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

டைட்டானியமே, உன் குணத்தை உலகுக்குக் காட்டியது ஒரு முயலின் கால். 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் ப்ரோனெமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருந்தது. காற்றுப் பட்டதும் உன்மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம்தான் இதற்குக் காரணம். வெளியிலிருந்து வந்த பல பொருள்களை உடம்பு நார்த்திசு கட்டி ஒதுக்கி வைக்கும். உன்னையோ எலும்பு தன் பக்கத்திலேயே உட்காரவைத்தது. 1965-இல் கோத்தன்பர்க்கில், பிறவியிலேயே தாடைக் குறையோடு இருந்த கோஸ்டா லார்சன் முதன்முதலாக உனக்கு வாய் திறந்தார். கீழ்த்தாடையில் பல்லே இல்லாத அவருக்கு நான்கு திருகாணிகள். 2006-இல் அவர் இறக்கும்வரை நீ அவரோடு இருந்தாய். முன்மாதிரி எதுவும் இல்லாமல் உன்னை நம்பிய அந்த மனிதருக்கும் என் கடனில் பங்குண்டு. அதன் பிறகும் மருத்துவ உலகம் உன்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1982-இல் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன.

டைட்டானியமே, எங்களைப் போன்ற வீட்டுக்குள் நீ வர முடிந்ததற்கு ஒரு கணக்கு உதவியது. பல்லுக்குப் பல் உன்னை நிறுத்தினால் செலவு பல லட்சம். ஆனால் 2002-இல் மாண்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு திருகாணிகளும் அவற்றின் மேல் மாட்டும் செட்டும்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பாலம் தாண்டி குமாரபாளையத்தில் எங்களைப் பார்த்த இளம் டாக்டர் இதைச் சொன்னபோது, ‘இரண்டு’ என்ற சொல்லை அம்மா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். சீட்டு எடுத்த பணம் போதுமானதாக இருந்தது.

டைட்டானியமே, வந்த அன்று உன்னோடு வேறு சிலவும் துணைக்கு வந்தன, அவற்றையும் மறக்கவில்லை. முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் படமெடுத்தது கோன் பீம் சி.டி. ஸ்கேன். திரையில் அம்மாவின் தாடை குறுக்குவெட்டாக, துண்டு துண்டாக விரிந்தது. கீழுதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடும் பாதையை டாக்டர் விரலால் தொட்டுக்காட்டி, அது வெளியே வரும் இடத்துக்கு முன்னால் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். எங்கே துளைக்கலாம், எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கத்தி எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டார்கள். “பல்லுப் புடுங்குனதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க” என்றாள் அம்மா, வெளியே வந்ததும்.

டைட்டானியமே, எலும்போடு சேர நீ மூன்று மாதம் கேட்டாய். அதற்கு டாக்டர் வைத்த நிபந்தனை, புகையிலை கூடவே கூடாது. ஈறுக்குப் போகும் ரத்தம் குறையும், புண் ஆறாது, நீ நிலைக்க மாட்டாய் என்றார். அப்பாவின் கோபத்துக்கும் என் கெஞ்சலுக்கும் விடாத புகையிலையை அம்மா உனக்காக விட்டாள். உன்னிடம் நான் பெற்றவற்றில் இதையே பெரியதாக நினைக்கிறேன். நீ பல்லைத் தந்தாய் என்று ஊர் சொல்லும். புற்றுநோய்ப் பயமில்லாமல் நான் தூங்கும் இரவுகளையும் நீதான் தந்தாய்.

டைட்டானியமே, மூன்று மாதம் கழித்து உன் தலையில் குமிழ் மாட்டினார்கள். செட்டு அதன்மேல் பிரஸ் பட்டன் போல ‘டிக்’ என்று உட்கார்ந்தது. அம்மா நாக்கால் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீ நிலைத்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல கணக்குதான். ஆனால் நோயாளியின் வீட்டில் உன் வெற்றியை வேறு விதமாக அளக்கிறோம். கொய்யாவை அரியாமல் கடிக்கிறாள். கொள்ளுப்பருப்புச் சாதத்தோடு வறுத்த நிலக்கடலை கேட்கிறாள். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் குளித்துவிட்டு, அந்த வாரமே ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். இரவில் செட்டைக் கழற்றி, சின்னப் பிரஷ்ஷால் உன்னைச் சுற்றித் தேய்க்கிறாள். அழுக்குச் சேர்ந்து ஈறு புண்ணானால் உன்னைப் பிடித்திருக்கும் எலும்பே அரித்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டைட்டானியமே, உன்னிடம் ஒரு வேண்டுதலும் உண்டு. நீ வந்த பெட்டியில் கொரியா என்று அச்சிட்டிருந்தது. ஆனால் உன் தாதுவான இல்மனைட், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடக்கிறது. கேரளத்தின் சவராவில் 2011-இல் டைட்டானியப் பஞ்சு செய்யும் ஆலையும் தொடங்கிவிட்டது. விண்வெளித் துறைக்காகத் தொடங்கியது. ராக்கெட்டுக்குப் போகும் நீ, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கும் தாராளமாக வர வேண்டும். சீட்டு எடுக்க வழியில்லாத தறிக்காரம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

டைட்டானியமே, அடுத்து அத்தையின் முறை. அவருக்குச் சர்க்கரை இருப்பதால், அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் உன்னை வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா தினமும் காலையில் போன் போட்டு, “நங்கை, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்கிறாள்.


பவானியிலிருந்து ஒரு மகள்