புரொடியூசர் என்றால் யார்?

தெருக்குரல் அறிவு அரக்கோணத்துக்காரர் என்பதில், அதே ரயில் பாதையில் ஆவடியில் குடியிருக்கும் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். திருக்குறளில் வருவது ற, ள. தெருக்குரலில் வருவது ர, ல. இந்த நான்கு எழுத்துக்காக முப்பத்திரண்டு வருஷம் சிவப்பு மையைச் செலவழித்தவள் நான். காதுக்குத் திருக்குறள் மாதிரியும் கண்ணுக்கு வேறாகவும் ஒரு பெயரை ஒரு பையன் வைத்துக்கொண்டான் என்றால், பழைய தமிழாசிரியைக்குப் பிடிக்காமல் போகுமா?

தமிழ் ராப் அவரோடு தொடங்கவில்லை. மலேசியாவின் யோகி பி குழு 2006இல் ‘வல்லவன்’ போட்டது. நம் பக்கத்தில் ஹிப்ஹாப் தமிழா 2012இல் ஆல்பம் போட்டார்கள். அறிவை நாம் அறிந்தது 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மூலம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். அதே வருஷம் ‘காலா’ படத்தில் பாட்டு எழுதினார். 2019இல் ஆஃப்ரோ இசையில் ‘தெருக்குரல்’ ஆல்பம். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை அதில் கொண்டுவந்தார் அறிவு. யூடியூபில் மட்டும் 50 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு.

2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அதையொட்டி, மெட்டும் வரியும் தன்னுடையவை என்று அவர் எழுதினார். இசை தன்னுடையது, பங்கு மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு காணொளியில், அந்தப் பாட்டிலிருந்து மூன்று பேருக்குமே பணம் வரவில்லை என்று சொன்னார். 50 கோடிப் பார்வை உள்ள பாட்டுக்கே இந்தக் கதி என்றால், நானூறு பேர் கேட்கும் பாட்டுக்கு?

இதை இவ்வளவு தூரம் நான் ஏன் படித்தேன் என்றால், என்னிடம் எட்டாவது, ஒன்பதாவது படித்த ஒரு பையன் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்ததால்தான்.

அவன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பகல் ஷிப்ட் என்றால் ராத்திரி பீட் போடுவான், ராத்திரி ஷிப்ட் என்றால் பகலில் தூங்காமல் போடுவான். வேலைக்கூடத்து பவர் பிரஸ் அடிக்கும் சத்தத்தை போனில் பதிந்து வந்து, அதையே தாளமாக வைத்து, அடியில் ‘808’ ஓடவிட்டிருந்தான். அது என்னடா எண் என்று கேட்டேன். 1980இல் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி செய்த டிரம் மெஷினின் எண்ணாம். சில வருஷத்தில் அந்த மெஷின் தயாரிப்பே நின்றுபோனது, சத்தம் மட்டும் உலகம் முழுக்க இன்னும் நிற்கவில்லை என்றான். வரிகளில் மோனை சரளமாக வந்தது. எதுகைதான் இரண்டு இடத்தில் இடித்தது, சொன்னேன். “அது ஃப்ளோ டீச்சர்” என்றான். சரி, இருக்கட்டும்.

காகிதம் ஆறு பக்க ஆங்கிலம். நகரத்தில் ஒரு கம்பெனி கொடுத்தது. “பதினஞ்சாயிரம் தர்றாங்க டீச்சர். கையெழுத்து போட்டா போதும்ங்கறாங்க. நீங்க ஒருவாட்டி படிச்சுப் பாருங்க.”

அகராதி, வக்கீல் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் இருவரையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். பாட்டின் எல்லா உரிமையும், உலகம் முழுவதற்கும், காலம் உள்ளவரை ‘புரொடியூசருக்கு’ என்று இருந்தது. பையனுக்கு அந்த வரி பிடித்திருந்தது. “நான்தானே டீச்சர் புரொடியூசர்!”

இங்கேதான் சங்கடம். ஹிப்ஹாப்பில் புரொடியூசர் என்றால் பீட் கட்டுகிறவர், குரலை அதில் உட்கார வைக்கிறவர். சினிமாவில் பணம் போடுகிறவர். அந்தக் காகிதத்தின் முதல் பக்கத்திலோ, ‘இனி புரொடியூசர் எனப்படுவது’ என்று கம்பெனியின் பெயர் இருந்தது. பையன் ஆறு பக்கமும் தன்னைப் பற்றி எழுதியிருப்பதாகவே படித்திருக்கிறான்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை அண்ணன் மகள் எடுத்துக் காட்டினாள். ஒரு பாட்டில் வரி ஒரு சொத்து, மெட்டு ஒரு சொத்து, ஒலிப்பதிவு தனிச் சொத்து. வரிக்கும் மெட்டுக்கும் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருஷமும் உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம். அந்த ஒலிப்பதிவு சட்டப்படி புரொடியூசருடையது. சட்டம் புரொடியூசர் என்று யாரைச் சொல்கிறது? பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரை. பட்டாபிராமில் ஒன்பதுக்குப் பத்து அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வையைத் தொங்கவிட்டுப் பதிந்தவன் இவன். கம்பெனி அந்த அறையைப் பார்த்ததுகூட இல்லை. ஆக இரண்டு அர்த்தத்திலும் புரொடியூசர் இவன்தான். அதை விற்கத்தான் பதினைந்தாயிரம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை எழுதிக் கொடுத்தாலும், பாட்டாசிரியரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, அதை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் தரலாம். எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ள வேண்டும். அதனால்தான் ‘காலம் உள்ளவரை’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள்.

போடாதே என்று நான் சொல்லவில்லை. பதினைந்தாயிரம் அந்த வீட்டில் சின்னத் தொகை இல்லை, தங்கையின் கல்லூரிக் கட்டணம் பாக்கி இருந்தது. இன்ன இடத்தில் இன்னது எழுதியிருக்கிறது என்று மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவனே மூன்று திருத்தம் கேட்டு மெயில் அனுப்பினான்: ஐந்து வருஷம் மட்டும், வருவதில் பங்கு, புரொடியூசர் என்று தன் பெயர். பதில் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவன் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். முன்பெல்லாம் நின்று பேசுவார், அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவர் கணக்கு அவருக்கு. கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினார்கள்.

பாட்டை அவனே ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் போடுகிறேன் என்றான். அதற்கு ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இட அடையாளம் உண்டாம், பாட்டுக்கு ஆதார் எண் மாதிரி. கூடவே யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாள் எழுதிவைக்கச் சொன்னேன். எழுதி வந்தான். வரியும் பீட்டும் அவன், மிக்ஸிங் அவன் கூட்டாளி. பாட்டு நடுவில் ஒரு கிழவியின் ஒப்பாரி வருமே, அது யாருடா என்று கேட்டேன்.

“எங்க ஆயா டீச்சர். தாத்தா செத்தப்ப பாடுனது. அப்புறம் ஒருநாள் கேட்டு ரெகார்ட் பண்ணேன்.”

“வரியும் அவங்களுதா?”

“அவங்களேதான் கட்டிப் பாடுனாங்க.”

“அப்ப அவங்க பேரு எங்கடா?”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா கேட்டான். பாடியவர் என்று ஓரிடத்திலும், வரியும் மெட்டும் என்ற இடத்தில் தன் பெயருக்குப் பக்கத்திலும் ஆயாவின் பெயரை எழுதினான். பங்கு என்ற கட்டத்தில் வந்ததும் பேனா நின்றது. பத்து என்று எழுதி, அடித்து, இருபது என்று எழுதினான்.

கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். நாலே வரிக்கு இருபதா என்கிறானாம். போன ஞாயிறு வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: “அழுததுக்குக் கூடவா காசு தருவாங்க?”