திரும்புகிற மனம்

பாவத்தை உணர்ந்து புது வாழ்வுக்கு வருவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘மனந்திரும்புதல்’ என்கிறார்கள். பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லான ‘ஷூவ்’ திரும்பி வருவதைக் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘மெட்டனோயா’ மனம் மாறுவதைக் குறிக்கும். தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதை வெறும் வருத்தமாகச் சுருக்கிவிட்டோம். கண்ணீர் வந்தால் திரும்பிவிட்டதாக நினைக்கிறோம். வருத்தம் வேறு, திரும்புதல் வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றுவது தாழ்மை ஒன்றுதான்.

இதற்கு நற்செய்தி நூல்களே சான்று. பேதுரு மூன்று முறை இயேசுவை மறுதலித்தார். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தார். இருவரும் வருந்தினார்கள். பார்க்கப்போனால் யூதாஸின் வருத்தத்தில்தான் செயல் அதிகம். ஆசாரியர்களிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார், காசையும் ஆலயத்திலேயே எறிந்தார் என்கிறார் மத்தேயு. பேதுருவோ மனம் கசந்து அழுதார், அவ்வளவுதான். ஆனாலும் யூதாஸின் கதை இருளில் முடிய, பேதுருவின் கதை திபேரியாக் கடற்கரையில் மறுபடி தொடங்குகிறது. யூதாஸ் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டார். பேதுரு அதை எழுதும் உரிமையை விட்டுக்கொடுத்தார். தன்னை நேசிக்கிறாயா என்று இயேசு மூன்று முறை கேட்டபோது, துக்கப்பட்டாலும் அந்தக் கேள்வியின் முன்னே நின்றார். தாழ்மை என்பது தன்னை வெறுப்பது அல்ல. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருப்பதை நிறுத்துவது. இயேசுவின் உவமையில், தன்னை நீதிமானாக்கிக்கொண்ட பரிசேயனுக்குக் கிடைக்காத மன்னிப்பு, இரக்கம் மட்டுமே கேட்ட ஆயக்காரனுக்குக் கிடைத்ததும் அதனால்தான்.

தாழ்மை பலவீனர்களின் ஒழுக்கம் என்று தத்துவவாதி நீட்சே சாடினார். அடிமைகளையும் ஏழைகளையும் அடங்கிப்போகச் சொல்ல இந்தப் போதனை பயன்பட்டதும் உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் வேதாகமம் தாழ்மையை அரியணையில் இருப்பவரிடமும் கேட்கிறது. உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கண்டித்தார். வாள் கையில் இருந்தும் அரசன் பணிந்தான். கி.பி. 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்த பேரரசர் தியோதோசியுஸ் தவம் செய்யும் வரை அவருக்கு நற்கருணை கிடையாது என்றார் மிலான் ஆயர் அம்புரோஸ். பேரரசர் பணிந்தார். பலவீனரால் ஆகிற காரியமா இது?

அழுதால் மன்னிப்பு கிடைக்குமென்றால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன நியாயம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. பதில் நற்செய்தியில் வரும் ஆயக்காரன் சகேயுவிடம் இருக்கிறது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவன் வீட்டுக்கு ரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்தார். இந்தத் திரும்புதல் ஒரே நாளில் முடிந்துவிடுவதும் இல்லை. ஆங்கிலேயரான ஜான் நியூட்டன் 1748இல் கடும் புயலில் சிக்கிக் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அதன் பிறகும் 1754 வரை அடிமை வணிகக் கப்பல்களில் போனார். பிறகு போதகரானார். அந்த வணிகத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது 1788இல்தான். நாற்பது ஆண்டு தாமதம் வெட்கத்துக்குரியது. ஆனாலும் அந்த வெட்கத்தை ஊரறியச் சுமந்த அவருடைய சாட்சியம் அடிமை வணிக ஒழிப்புக்கு வலு சேர்த்தது. 1807இல் பிரிட்டன் அந்த வணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. கிறிஸ்தவரின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதையே சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1517இல் தம் 95 கருத்துரைகளில் முதலாவதாக வைத்தார்.

ஆகவே, ஜெபத்தில் எவ்வளவு அழுதோம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். யாருக்கு என்ன தீங்கு செய்தோம், அதில் எதைத் திருப்பிக் கொடுத்தோம் என்று பார்ப்போம். திரும்புகிற மனம், தான் காயப்படுத்தியவரின் வாசலுக்கும் போய் நிற்கும்.