"ஆறுதலாத் தாங்கோ"

பள்ளிக்கூடத் தவணை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. அம்மாவின்ர தையல் மெசின் நின்றுவிட்டது. திருத்துறவர் வந்து பார்த்து, 3 நாளில் தாறன் என்று கொண்டுபோனார். திரும்பி வந்தது 16ஆம் நாள். அதற்குள் சீருடை தைக்கத் தந்தவர்களில் 11 பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றுக்குக் கூலி 900 ரூபாய். மொத்தம் 9,900.

திருத்துறவர் தன்ர கூலி 1,500 ரூபாயை வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் முழு நட்டத்தையும் தரவேண்டாமா?

சட்டம் படிக்கிற நண்பியிடம் கேட்டேன். அவள் திருப்பி என்னிடம் ஒன்று கேட்டாள்: "சீருடை ஓடர் இருக்கெண்டு அம்மா அவருக்குச் சொன்னவாவோ?"

பிறகு ஒரு வழக்கைச் சொன்னாள். ஹாட்லி எதிர் பக்சென்டேல், 1854. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ஒரு மாவு ஆலை. அதன் சுழல்தண்டு உடைந்துபோக, புதிதாகச் செய்வதற்கு மாதிரியாக அதை அனுப்புகிறார்கள். கொண்டுபோனவர்கள் சுணக்கிவிட்டார்கள். ஆலை பூட்டிக்கிடந்தது. அந்த நாட்களின் இலாபத்தை நட்டஈடாகக் கேட்டபோது நீதிமன்றம் ஏற்கவில்லை. மீறலால் வழமையாக வரக்கூடிய நட்டத்துக்கு ஈடு உண்டு. ஆனால் விசேட காரணத்தால் வரும் நட்டத்துக்கு, ஒப்பந்தம் செய்யும்போதே அந்தக் காரணம் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கட நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடி ரோமன் டச்சுச் சட்டம்; அங்கும் இதேமாதிரி ஒரு வேறுபாடு இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அவசரமோ அக்கா எண்டு கேட்டவர். வீட்டில சும்மா தைக்கிறதுதான் தம்பி, ஆறுதலாத் தாங்கோ எண்டனான்."

சும்மா! என்ர போடிங் காசு அந்த மெசினில் இருந்துதான் வருகிறது. தன்ர வேலையை வேலை என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அவர் சுணக்கியது பிழைதான். ஆனால் தான் எதைச் சுணக்குகிறார் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

போன மாதம் மெசின் மறுபடியும் மக்கர் பண்ணியது. அதே ஆள்தான் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்; வாயே திறக்கவில்லை.

"தம்பி, 18 சட்டை வெட்டினபடி கிடக்கு. வெள்ளிக்கிழமை தராட்டி அவ்வளவும் எனக்கு நட்டம்" என்றா அம்மா.

அவர் ஒரு துண்டெடுத்துத் திகதி எழுதித் தந்தார். அம்மா அதை மடித்து ஊசிப்பெட்டிக்குள் வைத்தா.