ஊதா டார்ச்சும் தேளும்

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கிற ஊதா டார்ச் ஒன்றை என் மகன் வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு நோட்டு ஏது? டார்ச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

இருட்டில் அடித்துப் பார்த்தால், எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூள் பச்சை கலந்த மஞ்சளாய்ப் பளிச்சென்றது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைக் கரைத்த தண்ணீரும் அப்படியே. இவருடைய வெள்ளை வேட்டியோ நீலமாய் ஜொலித்தது! சோப்புத் தூளில் ஒரு வகைச் சாயம் கலக்கிறார்களாம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. வெயிலில் வேட்டி அத்தனை வெளுப்பாகத் தெரிவது அதனால்தான். அழுக்குப் போயிற்றா என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் வேடிக்கை. டார்ச்சின் உபயோகம் மாமியார் ஊரில்தான் தெரிந்தது. பழைய ஓட்டு வீடு, பின்கட்டில் விறகு அடுக்கு. நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூத்த குழந்தைக்கு இரண்டு வயது, பாயில்தான் படுக்கும். "மழை பெஞ்சா தேள் உள்ளே வந்துடுது அண்ணி, ராத்திரி கண்ணை மூடவே பயமா இருக்கு" என்றாள்.

தேளின் மேல்தோலில் இருக்கும் சில பொருட்கள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலப்பச்சையாய் ஒளிரும். அன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தேடினோம். விறகில் இரண்டு. கூடத்துச் சுவரோரம், குழந்தையின் பாயிலிருந்து நாலு முழத்தில் ஒன்று, ரேடியம் ஸ்டிக்கர் மாதிரி! மாமியார் இடுக்கியோடு வந்தார். "இத்தனை வருஷமா இதுங்க நடுவுலயா படுத்திருந்தோம்?" என்றார்.

தோல் உரித்த புதிதில் தேள் அவ்வளவாக ஒளிராது. அதனால் பாயை உதறாமல் படுக்கக் கூடாது. டார்ச்சைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல். குழந்தையைத் தேள் கொட்டிவிட்டால் மந்திரிக்கிறவரிடம் ஓடி நேரத்தைக் கடத்த வேண்டாம். வாந்தி, கொட்டுகிற வியர்வை, கை கால் சில்லிடுவது எல்லாம் இதயம் பாதிக்கப்படுவதன் அறிகுறி. மகாராஷ்டிரத்து டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டே செந்தேள் கொட்டியவர்கள் பலரைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால்தான் அது பலிக்கும்.

இப்போது சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் டார்ச்சோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். விறகை மாமியார் தோட்டத்துக் கோடிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.