வலது கால், இடது கால்

பழைய யந்திரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றின் உறுதியைத்தான் சொல்கிறார்கள். தேய்மானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு யந்திரத்தோடு முப்பது வருஷம் பழகினவனுக்கு வாஸ்தவத்தில் பரிச்சயமாகியிருப்பது அதன் தேய்மானம்தான். உறுதி எல்லோருக்கும் பொது. தேய்மானம், அதற்கும் அவனுக்கும் மட்டுமே புரியும் பாஷை.

என் அப்பா 1978ல் வாங்கிய 350 சி.சி. புல்லட்டை வைத்து இதைச் சொல்கிறேன். 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் இந்த வண்டியைச் செய்தார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச்சில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்துகொண்டிருந்தது. பிறந்த இடத்தில் மறைந்துபோன வழக்கம் போன இடத்தில் நீடிப்பது யந்திரங்களுக்கும் நடக்கிறது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு லீவரை மேலே தூக்கவேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்கவேண்டும். நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன லீவர், குதிகாலால் தட்டுவதற்கு.

இந்த வலது-இடது விஷயம் சௌகரியத்தினால் மட்டும் தீர்மானமானதல்ல. 1974 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடப்பக்கம்தான் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். பெரிய சந்தை சொன்னால் மற்றவர்கள் கால் மாறத்தானே வேண்டும்? ட்ரையம்ஃப், நார்ட்டன் போன்ற ஆங்கில வண்டிகள் குறுக்கே தண்டு ஓடவிட்டுப் பக்கம் மாறின. நம் புல்லட்டை அந்த விதி அப்போது தொடவில்லை. ஆகவே இங்கே ஒரு தலைமுறை, மற்ற உலகம் கைவிட்ட காலால் கியர் போட்டுக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பது வருஷ ஓட்டத்தில் என் கியர் பாக்ஸ் தேய்ந்துவிட்டது. பல்சக்கரங்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோர்க்கும் முனைகள் மழுங்கியிருந்தன. சுமை ஏறும்போது மூன்றாவது கியர் தானாக விலகிவிடும். மேம்பாலம் ஏறுகையில் லீவரைக் கால்விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எங்கேயோ ஒரு பொய் நியூட்ரல் வேறு. இதையெல்லாம் என் கால் கற்றுவைத்திருந்தது. "உங்களைத் தவிர வேற யாரும் இதை ஓட்ட முடியாது" என்று நண்பர்கள் சொன்னபோது அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அது பாராட்டுத்தானா என்ற கேள்வி என் மகளால் வந்தது. அவள் வேறு வண்டியில் பழகியவள், நன்றாக ஓட்டுவாள். தாத்தாவின் வண்டியை ஓட்டிப்பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் எடுத்தாள். கிளம்பியது சரியாகத்தான் இருந்தது. திருப்பத்தில் நிறுத்துவதற்காக வலது காலை அழுத்தினாள். அங்கே இருந்தது கியர். நிறுத்த மிதித்த மிதி வண்டியை அடுத்த கியருக்குத் தள்ளியது. எதிர்வீட்டு மதிலோரம் குவித்திருந்த மணலில் போய்ச் சாய்ந்தாள். அடி ஒன்றுமில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு சாவியை என் கையில் கொடுத்தாள். "இது உங்க வண்டிப்பா" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள் என்பதுதான் என்னை உறுத்தியது.

மெக்கானிக்கிடம் இரண்டு வழிகள் இருந்தன. பழைய பெட்டியிலேயே பினியன், புஷ்ஷெல்லாம் புதிதாகப் போடலாம். அல்லது பிற்பாடு வந்த மாடலின் ஐந்து கியர் பெட்டியை வைக்கலாம். அதில் கியர் இடது காலுக்கு. "ரெண்டும் செய்யலாம் சார். யார் ஓட்டப்போறாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். விமர்சகர்கள் சுற்றிச் சுற்றி வருகிற இடத்துக்கு அவர் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டார்.

நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். வலது காலில் கியர் இல்லாவிட்டால் அது புல்லட்டே இல்லை, அதன் ஆத்மா போய்விடும் என்றார். ஆத்மா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, ஆர்.சி. புத்தகம் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும்தான் கேட்கிறது. மரபைப் பற்றிய நம் பேச்சுக்கள் பெரும்பாலும் இந்த நண்பரின் குரலில்தான் இருக்கின்றன. கற்க யாரும் வருவதில்லை என்ற புகாரும் அதே குரலில்தான் வரும். வந்தவளை மணலில் தள்ளியது எது என்று அந்தக் குரல் கேட்டுக்கொள்வதில்லை.

புதுப்பேட்டையில் நல்ல நிலையில் ஒரு பெட்டி கிடைத்தது. இடப்பக்க உறையை ஒற்றை நட்டைக் கழற்றித் திறந்தார். கிளச், பிரைமரி செயின் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. எஞ்சினின் முதுகோடு போல்ட்டுகளில் நிற்கிற தனிப் பெட்டி அது. புதியதும் சில்லறை மாற்றங்களோடு அதே இடத்தில் உட்கார்ந்தது. பிரேக்தான் வேலை வாங்கியது. மிதி வலப்பக்கம் வரவேண்டும், சக்கரத்தின் டிரம் இடப்பக்கம். குறுக்கே ஒரு தண்டு வைத்து இரண்டையும் இணைத்தார். ஆங்கில வண்டிகள் கியருக்குச் செய்ததை இங்கே பிரேக்குக்குச் செய்யவேண்டியிருந்தது.

பெட்டி தனியாக இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. பின்னால் வந்த புல்லட்டுகளில் எஞ்சினும் கியரும் ஒரே வார்ப்புக்குள் இருக்கின்றன. எண்ணெய் கசிவதில்லை, ஓட்டமும் நன்றாயிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கழற்றி வேறொரு காலத்தின் பாகத்தை வைப்பது அங்கே நடக்காது. பழையதிடம் நான் மதிப்பது இந்த மூட்டுவாயைத்தான். பழையது தன்னை மாற்றிக்கொள்ள ஓர் இடத்தை வைத்திருந்தது.

முதல் மாதம் எனக்குத்தான் கஷ்டம். அடுத்த கியருக்கென்று வலது கால் தானாக அழுத்தும். வண்டி பிரேக் பிடித்துத் திணறும். என் மகளுக்கு நடந்தது இப்போது தலைகீழாக எனக்கு. முப்பது வருஷத்துத் திறமை, போல்ட்டு மாறியதும் அபாயமாகிவிட்டது. அப்பாவின் காலிலிருந்து என் காலுக்கு வந்த அசைவு அது. அதை மறக்க ஒவ்வொரு நாளும் முயலவேண்டியிருந்தது. இது நஷ்டமில்லை என்று சொல்லமாட்டேன். மேம்பாலத்தில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொள்ள இனி என் விரல் தேவையில்லை என்பது சௌகரியம்தான், தேவைப்படாமல் போவதும்தான்.

மகள் இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். தாத்தா வண்டி என்றே சொல்கிறாள்.

கழற்றிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்று சாக்கு எடுத்துப் போயிருந்தேன். மெக்கானிக் அதைப் பிரித்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ரெண்டு பினியன் நல்லாருக்கு சார். இன்னொரு பழைய வண்டிக்குக் கேக்கறாங்க, கொடுத்துடலாமா?" என்றார். சரியென்றேன். யாருடைய வண்டி என்று கேட்கவில்லை. வலது காலில் கியர் போடத் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.