வாடகைக்கு வந்த வேகம்

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எள்ளளவும் தகுதி இல்லை. வாழ்நாள் முழுவதும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்த வாத்தியார் நான். ஆயினும், ஒரே ஒருமுறை, உலகத்தின் அதிவேகக் கார்கள் என் கண்ணெதிரே பாய்ந்து செல்வதைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு முதியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கிறேன். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம். எங்கள் பெரியப்பா இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் றெயில்வே கிளாக்கராக மலாயாவுக்குப் போனவர். கிள்ளானில் நிலைத்துவிட்ட அவருடைய மகன் வீட்டுக்கு நான் சென்றிருந்தேன். அண்ணரின் மகன் செப்பாங் பந்தயத் திடலிலே கொடி காட்டும் தொண்டன். கார் ஒன்று தடம் புரண்டால் முதலில் ஓடிச்செல்ல வேண்டியவர்கள் இத்தொண்டர்கள்தாம். கோடிக்கணக்கான பணம் புரளும் பந்தயத்தில் இவர்களுக்குச் சம்பளம் இல்லை.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான், மார்ச் 4ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் இரண்டு கார்கள் மோதியதில் கழன்று பறந்த சில்லொன்று தாக்கி, அவனைப்போன்ற தொண்டர் ஒருவர் உயிரிழந்திருந்தார். பந்தய நாளன்று காலை அண்ணியார் என்னைப் பார்த்து, "நீங்களெண்டாலும் ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி, போகவேண்டாமெண்டு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், பந்தயம் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. அவன் வாங்கித் தந்த டிக்கட் என் சட்டைப் பைக்குள் இருந்தது.

சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். நடுவே, 5.5 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான வளைந்து நெளிந்த பாதை. 1997இல் ஆசிய நாடுகளின் நாணயங்கள் சரிந்து, தொழிற்சாலைகள் மூடப்பட்டு, மலேசிய வெள்ளியின் பெறுமதி வீழ்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் இத்திடல் எழுந்தது. அதை வரைந்தவர் ஹேர்மன் டில்க்கே என்ற ஜெர்மானியர். பின்னர் பஹ்ரெய்ன், ஷாங்காய், இஸ்தான்புல், டில்லிக்கு அருகேயுள்ள நொய்டா என எங்கு புதிய திடல் எழுந்தாலும் அதே பென்சில்தான் அதனை வரைந்தது.

பந்தயம் தொடங்கியபோது எழுந்த ஓசையை என்னால் வருணிக்க முடியாது. நெஞ்செலும்புக்குள் யாரோ முரசு கொட்டுவதுபோல் இருந்தது. வெட்கமின்றி எழுந்து நின்று கூவினேன். சில சுற்றுகளுக்குள் வானம் இருண்டு பெருமழை கொட்டியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வழுக்கிப் பாதையை விட்டு விலகின. எங்கோ ஒரு வளைவில் என் பெறாமகன் கொடியோடு நிற்கிறான் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. கூவிய வாய் அடங்கிவிட்டது.

மழைக்கு ஒதுங்கிய முதியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் விளக்குமாறு. கூட்டம் போட்ட குப்பையைக் கூட்டுபவர். தமிழர்தான். பந்தயம் பார்ப்பதில்லையா என்று கேட்டேன்.

"முப்பது வருசம் பால்மரம் சீவுனேன் தம்பி. விமான நிலையத்துக்கு நெலம் எடுத்தப்போ எங்க லயம் போச்சு. இப்போ இங்கன கூட்டுறேன். பேரனுக்கு மோட்டார் சைக்கிள் ரேசுன்னா உசுரு. இந்தக் கார் ரேசுக்கு டிக்கட் வாங்க நம்மளால ஏலுமா?" என்றவர், சற்று நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இவங்கள யாரு தம்பி கூப்பிட்டது?"

என்னிடம் விடை இல்லை. மழை விட்டது. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். என் பெறாமகன் சேறு படிந்த சப்பாத்துகளோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தான்.

முதியவரின் கேள்வியை ஊருக்குக் கொண்டுவந்தேன். படிக்கப் படிக்க ஒரு செய்தி என்னை உறுத்தியது. அன்று செப்பாங்கில் ஓடிய கார்களில் பல, சிகரெட் பெட்டிகளின் நிறத்தையே பூசியிருந்தன. ஐரோப்பாவிலே புகையிலை விளம்பரத்துக்குக் கதவடைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1997 ஜனவரியில் இப்பந்தயத்தின் அதிபதி பேர்னி எக்கிள்ஸ்டன் பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்குப் பத்து லட்சம் பவுண் நன்கொடை கொடுத்தார். அவ்வாண்டு இறுதியில், பதவிக்கு வந்திருந்த அக்கட்சியின் அரசாங்கம் மோட்டார்ப் பந்தயத்துக்கு மட்டும் தடையிலிருந்து விலக்குக் கேட்டது. விஷயம் வெளியானதும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார் பிரதமர் பிளேயர். தடை வந்தால் பந்தயங்களை ஆசியாவுக்குக் கொண்டுபோவோம் என்று பந்தய அதிபதிகள் வெளிப்படையாகவே பயமுறுத்தினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005 ஜூலை இறுதியில் அமுலுக்கு வருமுன்னரே, 2004இல் பஹ்ரெய்னும் ஷாங்காயும் பந்தய அட்டவணையில் இடம்பெற்றுவிட்டன.

இதனை மற்றவன் குற்றமாகக் காட்டிவிட்டு நான் தப்பிக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரனின் மகன் நான். என் படிப்புச் செலவு புகையிலைக் காசு. அதே காசை உழைத்துத் தந்த என் ஐயா, வாயில் சுருட்டோடு வாழ்ந்து, இருமி இருமியே கண்ணை மூடினார். ஆகவே, அந்த வண்ண வண்ணக் கார்கள் எதனைச் சுமந்துகொண்டு கிழக்கு நோக்கி வந்தன என்பதை அறிந்தபோது, நான் கூவி ஆரவாரித்த அந்தக் கணம் எனக்குக் கசந்தது.

இப்பந்தயம் புதிய நாடுகளுக்குப் பரவிய வரலாறு முழுவதிலும் முதியவரின் கேள்வி ஒலிக்கிறது. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயம் 1950இல் தொடங்கியபோது அவ்வாண்டின் ஏழு பந்தயங்களில் ஆறு ஐரோப்பாவிலேயே நடந்தன. 1953 ஜனவரியில் ஆர்ஜென்டீனாவுக்கு அதனை வரவழைத்தவர் ஜனாதிபதி பெரோன். அடக்க முடியாத சனக்கூட்டம் பாதையோரம் வரை நெருங்கி நிற்க, குறுக்கே வந்த ஒருவரைத் தவிர்க்க முயன்ற ஃபாரினாவின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பலரைக் கொன்றது. பந்தயமோ நிறுத்தப்படவில்லை.

தென்னாபிரிக்காவை எண்ணும்போது நெஞ்சு இன்னும் கனக்கிறது. 1985 ஒக்டோபர் 18ஆம் திகதி கறுப்பினக் கவிஞர் பெஞ்சமின் மொலோயிஸை நிறவெறி அரசு பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டது. மறுநாள் கியாலமியில் பந்தயம் நடந்தது. பிரான்சின் றெனோ, லிஜியே ஆகிய இரண்டு அணிகள் மட்டும் போகாமல் நின்றுகொண்டன. ஏனையோர் ஓடினர். கவிஞனின் தாய் அழுத மறுதினம் வெற்றிக் கிண்ணம் உயர்த்தப்பட்டது. அந்த விருந்துக்கு அழைத்தவர் யார்? வாக்குரிமையே இல்லாத பெரும்பான்மை மக்களா?

செப்பாங்கின் கதை 2017 ஒக்டோபர் முதலாம் திகதியோடு முடிந்தது. செலவுக்கேற்ற பலன் இல்லையென்று ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே அரசாங்கம் கைகழுவியது. 2008 முதல் பக்கத்திலுள்ள சிங்கப்பூர் இரவிலே பந்தயம் வைத்து வெளிநாட்டாரை ஈர்த்துக்கொண்டிருந்தது. தென்கொரியாவின் யொங்கம் 2010 முதல் 2013 வரை நான்கு பந்தயங்களையும், நொய்டா 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயங்களையும் கண்டன. நொய்டாவிலே இது விளையாட்டா கேளிக்கையா, வரி உண்டா இல்லையா என்ற வழக்கு பந்தயத்தைவிட நீண்ட காலம் ஓடியது. வியட்நாமின் ஹனோயிலே 2020இல் பாதை போட்டு முடித்தார்கள். கொள்ளைநோய் குறுக்கிட, ஒரு காரேனும் பந்தயம் ஓடாமலே அத்திட்டம் கைவிடப்பட்டது. வாடகை கொடுக்கும்வரை வேகம் தங்கும். வாடகை நின்றால் கொங்கிறீற்றை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆனால் செப்பாங் திடல் பாழாகவில்லை. 1999இல் அங்கே வந்த மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. டிக்கட்டும் மலிவு. திடலை நிரப்புவோர், தொழிற்சாலைக்கும் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் சாதாரண சனங்கள். 2016இல் கைருல் இதாம் பாவி என்ற மலேசிய இளைஞன் ஆர்ஜென்டீனாவிலே உலகப் பந்தயம் ஒன்றை வென்றபோது, அவ்வெற்றி எந்த அமைச்சரும் விலைகொடுத்து வாங்கியதன்று. முதியவரின் பேரனைப்போன்ற ஆயிரம் பையன்களின் ஆசையில் முளைத்தது அது. விளையாட்டு மக்களிடையே வேர் விட்டால் அதனைப் பிடுங்கிச் செல்ல எவராலும் முடியாது.

2024இல் பந்தயங்கள் 24. அவற்றில் நான்கு வளைகுடா நாடுகளில் நடந்தன. சவூதி அரேபியாவில் பெண்கள் காரோட்ட அனுமதி பெற்றது 2018 ஜூனில். 2021 டிசம்பரில் அங்கே பந்தயக் கார்கள் ஓடின. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 81 பேருக்கு அங்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே மாதத்திலேயே மீண்டும் பந்தயம். எமது கிராமத்துப் பிள்ளைகளும் கடன்பட்டு அந்த நாடுகளுக்கு உழைக்கப் போகிறார்கள். அந்த விளக்குகளின் ஒளியைத் தூரத்திலிருந்து பார்த்ததாக அவர்களில் ஒருவன், என் பழைய மாணவன், ஒருமுறை எழுதியிருந்தான்.

1993இல் கியாலமியில் நடந்த கடைசிப் பந்தயத்துக்குப் பின் ஆபிரிக்கா காத்திருக்கிறது. 2024 டிசம்பரில் ருவாண்டா தனக்கு ஒரு பந்தயம் வேண்டுமென்று கேட்டது. ஆபிரிக்கப் பிள்ளைகள் அந்த ஓசையைக் கேட்கக் கூடாதென்று நான் சொல்லமாட்டேன். செப்பாங்கில் எழுந்து நின்று கூவியவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் எந்தத் தேசத்துக்கு அது போனாலும், பாதை போடுமுன்னர், அந்த மண்ணிலே வாழ்பவர்களிடம் போய், "கூப்பிடலாமா?" என்று ஒருவர் கேட்க வேண்டும்.

என் பெறாமகனின் தலை இப்போது நரைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இன்னும் கொடி காட்டுகிறான். விளக்குமாறு பிடித்த அந்த முதியவரைப் பற்றி நான் கேட்டெழுதியபோது, அவரைத் தேடிப்பார்த்ததாகவும் காணவில்லை என்றும் பதில் எழுதியிருந்தான்.